கணினித் தொகுதியை வாடகைக்கு அமர்த்துவது எவ்வாறு?

இந்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுகளுக்கு அன்று மதிப்பிட்ட மொத்தச் செலவு ரூ. 2,516 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ. 1,528 கோடி. சங்கங்களின் எண்ணிக்கையும் தொகையும் பின்னர் மேலும் உயர்த்தப்பட்டன. ‘கிளவுட்’ முறையில் இயங்கும் பொதுவான மென்பொருள் என்னும் தொடர் அத்திட்டத்தின் அறிவிப்பிலேயே காணப்படுகின்றது. கடன் சங்கங்களோடு இது நிற்கவில்லை. நெசவாளர் சங்கங்களும், விளைபொருள் விற்பனைச் சங்கங்களும், அவற்றின் மேலமைப்புகளும் தத்தம் கணக்குகளைக் கணினியில் ஏற்றி வருகின்றன. அதனால் மகாசபை முன் வைக்கப்படும் வரவு செலவுத் திட்டத்தில் ‘கிளவுட் கட்டணம்’ என்றொரு புதிய இனம் தலைகாட்டத் தொடங்கியுள்ளது.

நூல் விலையைப் பற்றியும் கூலி உயர்வைப் பற்றியும் ஒரு மணி நேரம் வாதாடும் அங்கத்தினர்கள், இவ்வினத்தை மட்டும் ஒரு நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவதை நான் பல கூட்டங்களில் கண்டிருக்கின்றேன். இது அங்கத்தினர்களின் அக்கறையின்மையைக் காட்டுவதாகாது. பொருள் விளங்காத இனத்தை எவ்வாறு வினவுவது? ஆயினும் இச்செலவு பிற செலவுகளைப் போன்றதன்று. தறி ஒன்றை வாங்கினால் அதன் விலை அன்றே தெரிந்துவிடும். வாடகைக் கணினியின் செலவோ, எவ்வகைக் கணினியை, எத்தனை, எவ்வளவு நேரம் அமர்த்தினோம் என்பதைப் பொறுத்துப் பத்து மடங்கு, இருபது மடங்கு வேறுபடக் கூடியது. தெரிவு செய்யும் முறையை அங்கத்தினர் அறிந்திருத்தல் நன்று.

முதலில் சொற்களின் பொருளை அறிவோம். கிளவுட் என்பது, பிறர் நடத்தும் பெரிய கணினி நிலையத்திலுள்ள கணினிகளைத் தொலைவிலிருந்தே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் முறை. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இதனை வாணிகமாகத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட், கூகுள் முதலியவை பின்தொடர்ந்தன. கிளஸ்டர் என்பது, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும்பொருட்டு ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட பல கணினிகளின் தொகுதி. அவற்றுள் ஒன்று தலைமைக் கணினி. அது வேலையைத் துண்டுகளாக்கிப் பகிர்ந்தளிக்கும். ஏனையவை செய்து முடித்துத் திருப்பித் தரும்.

இம்முறையின் வரலாறு நீண்டதன்று. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் என்னும் இருவர் 2004ஆம் ஆண்டில் ‘மேப்ரெட்யூஸ்’ என்ற முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதனைப் பின்பற்றி 2006இல் ‘ஹடூப்’ என்னும் மென்பொருள் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க வகையில் தோன்றியது. 2009இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பார்க்’ தொடங்கப்பெற்றது. ஹடூப் ஒவ்வொரு படியின் விளைவையும் வட்டில் எழுதி மீண்டும் படிக்கும். ஸ்பார்க் கூடிய மட்டும் நினைவகத்திலேயே வைத்து வேலையைத் தொடரும். இதனால் விளைந்த வேறுபாட்டிற்கு ஒரு சான்று கூறலாம். 2013இல் 2,100 கணினிகள் கொண்ட ஹடூப் தொகுதி ஏறத்தாழ 100 டெராபைட் தகவலை வரிசைப்படுத்த 72 நிமிடம் எடுத்துக்கொண்டது. 2014இல் ஸ்பார்க், வேறு வகைக் கணினிகள் 206ஐக் கொண்டு 100 டெராபைட்டை 23 நிமிடத்தில் வரிசைப்படுத்தியது. எண்ணிக்கையைக் கூட்டுவதனாலேயே வேகம் கூடிவிடாது, வேலைக்கேற்ற முறையும் வகையும் அமைய வேண்டும் என்பது இதனால் புலப்படும்.

இனி, நமக்குத் தொகுதி தேவைதானா என்ற வினாவைக் கேட்க வேண்டும். விற்பனையாளர் எவரும் இவ்வினாவைத் தாமாக எழுப்பமாட்டார் ஆதலின், நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 2,000 அங்கத்தினர்; ஒவ்வொருவருக்கும் ஆண்டில் 200 பதிவுகள்; ஒரு பதிவுக்கு 200 பைட் இடம் என்று தாராளமாகவே கொள்வோம். ஆண்டொன்றுக்கு 8 கோடி பைட், அதாவது 80 மெகாபைட் ஆகின்றது. ஒரு மாவட்டத்தில் இத்தகைய 100 சங்கங்கள் இருப்பின் 8 கிகாபைட். பத்தாண்டுக் கணக்குகளையும் சேர்த்தால் 80 கிகாபைட். நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் இதனினும் மிகுதியான படங்கள் இருக்கக் கூடும்! இவ்வளவையும் ஒரே கணினி செவ்வனே கையாளும். 128 கிகாபைட் நினைவகமுடைய கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க இயலும். அவ்வளவு பெரியதும் வேண்டியதில்லை, தகவலை வட்டிலிருந்து சிறிது சிறிதாகப் படித்துக் கணக்கிடும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன.

நாடளாவிய திட்டத்தின் 63,000 சங்கங்களுக்கும் இதே கணக்கைப் போட்டால் ஆண்டுக்கு 5,040 கிகாபைட், அதாவது ஐந்து டெராபைட்டுக்குச் சற்று மேல் வருகின்றது. அங்குத்தான் தொகுதிக்கு வேலை தொடங்குகின்றது. ஆகவே தொடக்கச் சங்கமோ, மாவட்ட அளவிலான ஒன்றியமோ தொகுதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருமாயின், ‘நம்முடைய தகவல் எத்தனை கிகாபைட்?’ என்று அங்கத்தினர் கேட்க வேண்டும். அதற்கு விடை வரும்வரை தீர்மானத்தை ஒத்தி வைப்பதில் தவறில்லை. 2015ஆம் ஆண்டில் ஃபிராங்க் மெக்ஷெர்ரி முதலிய மூன்று ஆராய்ச்சியாளர், நூற்றுக்கு மேற்பட்ட உள்ளகங்களைக் கொண்ட தொகுதிகள் செய்த சில வலைப்பின்னல் கணக்குகளை ஒரு கணினியில் ஒற்றை இழையாக ஓடிய நிரல் அவற்றினும் விரைவாக முடித்ததை எடுத்துக்காட்டினர். பெருந்தொகுதி வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதுவோர்க்கு அது கசப்பான மருந்தாக இருந்தது.

தகவல் உண்மையிலேயே பெரிது என்று தெரிந்த பின்னர், வேலையின் இயல்பை ஆராய வேண்டும். இதனை நெசவாளர்க்கு விளக்குவது எளிது. ஊடை நூலைத் தாரில் சுற்றும் வேலையைப் பத்து வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரைக் கேட்க வேண்டியதில்லை. பத்து வீட்டார் செய்தால் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். தறியில் ஏறிய ஒரு சேலையையோ பத்துப் பேர் பங்கிட்டு நெய்ய முடியாது. கணக்கு வேலைகளும் இவ்வாறே. ஒவ்வோர் அங்கத்தினரின் சேமிப்புக்கும் வட்டி கணக்கிடுவது தார் சுற்றுவது போன்றது. ஆனால் ஒரே புல எண்ணைக் காட்டி இரண்டு சங்கங்களில் பயிர்க்கடன் பெற்றவர் எவரேனும் உளரா என்று பார்ப்பதாயின், எல்லாச் சங்கங்களின் கடன் பதிவுகளையும் கலைத்து, ஒரே புல எண்ணுக்குரிய பதிவுகள் யாவும் ஒரே கணினிக்கு வந்து சேருமாறு மீண்டும் அடுக்க வேண்டும். பத்து வீடுகளிலும் பல நிறமாகக் கிடக்கும் சிட்டங்களை நிறவாரியாகப் பிரித்து, சிவப்பெல்லாம் ஒரு வீட்டுக்கும் பச்சையெல்லாம் மற்றொரு வீட்டுக்கும் கொண்டுசெல்வதை ஒத்தது இது. தொழிலார் இதனை ‘ஷஃபிள்’ என்பர். ஷஃபிள் மிகுந்த வேலையில் கணக்கிடும் நேரத்தைக் காட்டிலும் சுமந்து செல்லும் நேரமே அதிகம். அதிலும் ஒரு தொல்லை உண்டு. சிட்டங்களில் முக்காற்பங்கு சிவப்பாக இருந்துவிட்டால், சிவப்பு வீட்டார் நள்ளிரவு வரை உழைப்பர், ஏனையோர் திண்ணையில் அமர்ந்திருப்பர். அவ்வாறு அமர்ந்திருக்கும் கணினிகளுக்கும் வாடகை உண்டு என்பதை மறத்தலாகாது.

ஜீன் ஆம்டால் என்னும் கணினி வல்லுநர் 1967ஆம் ஆண்டிலேயே இதுபற்றிக் கூறிய கருத்து இன்றளவும் தொகுதித் தெரிவுக்கு அடிப்படையாக விளங்குகின்றது. ஒரு வேலை தனிக் கணினியில் பத்து மணி நேரம் எடுக்கின்றது; அதில் ஒரு மணி நேரப் பகுதியை எவ்வகையாலும் பங்கிட முடியாது என்று கொள்வோம். பத்துக் கணினிகளை அமர்த்தினால் பங்கிடத்தக்க ஒன்பது மணி, 0.9 மணியாகக் குறையும். மொத்தம் 1.9 மணி. நூறு கணினிகளை அமர்த்தினால் 1.09 மணி. ஒரு கணினிக்கு மணிக்கு ரூ. 20 வாடகை என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், தனிக் கணினிக்குச் செலவு ரூ. 200, பத்துக் கணினிக்கு ரூ. 380, நூறு கணினிக்கு ரூ. 2,180. பத்திலிருந்து நூறுக்குச் சென்றதனால் நாம் பெற்ற பயன், 49 நிமிடத்திற்கும் குறைவான நேரம். கொடுத்த விலை ரூ. 1,800. இரவு பதினோரு மணிக்குத் தொடங்கி விடியுமுன் முடிந்தால் போதும் என்னும் வட்டிக் கணக்கிற்கு இவ்விரைவு எதற்கு? மாறாக, நகரக் கடைகளில் தீபாவளி விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே இருப்பைப் பார்த்துச் சரக்கு அனுப்ப வேண்டிய நிலையில், ஒரு மணி நேரம் பெறுமதியுடையதாகலாம். அதனை நிர்ணயிக்க வேண்டியவர் சங்கத்தார். கணினி நிபுணர் அல்லர்.

அடுத்து, எவ்வகைக் கணினி என்பது. அமேசான் நிறுவனத்தின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பிறரிடமும் ஏறத்தாழ இதே பிரிவுகள் உள்ளன. எம்5, சி5, ஆர்5 என்னும் மூன்று குடும்பங்களில், நான்கு கணிப்பகங்கள் கொண்ட கணினியைப் பார்த்தால், எம்5 வகைக்கு 16 கிகாபைட் நினைவகம், சி5 வகைக்கு 8, ஆர்5 வகைக்கு 32. அதாவது கணிப்பகம் ஒன்றுக்கு முறையே நான்கு, இரண்டு, எட்டு. (கணிப்பகம் என்று இங்குச் சொல்வது முழுமையான ஓர் உள்ளகம் அன்று. இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் அது ஓர் உள்ளகத்தில் ஓடும் இரண்டு இழைகளுள் ஒன்றேயாகும். இழை என்ற சொல் நம்மிடமிருந்து சென்றது போலும்!) கணக்கு மிகுதியும் தகவல் குறைவுமாக இருப்பின் சி வகை போதும். புல எண் ஒப்பீடு போன்ற ஷஃபிள் வேலைகளில் கலைத்த பதிவுகளை வைத்துக்கொள்ள இடம் வேண்டுமாதலால் ஆர் வகை ஏற்றது. நினைவகம் போதாவிடில் ஸ்பார்க் மீதியை வட்டில் கொட்டி மீண்டும் அள்ளும். வேலை முடியும், ஆனால் மிகவும் தாமதமாகும். எத்துணை கிகாபைட் இவ்வாறு வட்டில் கொட்டப்பட்டது என்பதை ஸ்பார்க்கின் கண்காணிப்புத் திரையே காட்டுகின்றது. அந்த எண் பெரிதாக இருப்பின் கணினிகளின் எண்ணிக்கையைக் கூட்டுமுன் நினைவகம் மிகுந்த வகைக்கு மாறிப் பார்க்க வேண்டும். எதுவும் தெரியாத நிலையில் எம் வகையில் தொடங்கலாம். பத்தில் ஒரு பங்கு தகவலைக் கொண்டு மாதிரித் துணி நெய்து பார்ப்பதுபோல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்வதற்கு, வாடகைக் கணினியில் எவ்விதத் தடையும் இல்லை. சொந்தக் கணினியில் இல்லாத பெரிய வசதி இதுவே.

தகவல் எவ்வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதும் இத்துடன் சேர்ந்தது. காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகளில் ஒரு பத்தியை மட்டும் பார்க்க வேண்டுமானாலும் முழுக் கோப்பையும் படிக்க வேண்டும். ‘பார்க்கே’ என்னும் அமைப்பு 2013இல் வெளிவந்தது. அது பத்தி பத்தியாகச் சேமிப்பதால் வேண்டிய பத்தியை மட்டும் படிக்கலாம், இடமும் சுருங்கும். கோப்பின் வடிவை மாற்றுவதாலேயே தீரக்கூடிய தாமதத்திற்குப் புதிய கணினிகளை அமர்த்துவது வீண்செலவு.

இதுவரை கூறியவற்றைக் காட்டிலும் பணத்தை மிகுதியாக விழுங்குவது பிறிதொன்று உண்டு. நிலையான தொகுதியா, வேலைதோறும் எழுப்பிக் கலைக்கும் தொகுதியா என்பதே அது. ஹடூப் தொடங்கிய காலத்தில் தகவல் அத்தொகுதிக் கணினிகளின் வட்டுகளிலேயே, ஒவ்வொரு துண்டும் மூன்று படிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. தொகுதியைக் கலைத்தால் தகவலும் போய்விடும். ஆகவே இரவு பகலாக அது ஓடிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. நூல் இருப்பு முழுவதையும் தறிக்கூடத்திலேயே அடுக்கி வைத்திருப்பவன், தறி ஓடாத நாளிலும் கூடத்திற்கு வாடகை கொடுக்க வேண்டியவனே அல்லனோ? இன்று அந்நிலை இல்லை. அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்புக் கிடங்குகளில் தகவலைக் குறைந்த கட்டணத்தில் தனியே வைத்துவிட்டு, வேலை வரும்போது மட்டும் தொகுதியை எழுப்பி, முடிந்தவுடன் கலைத்துவிடலாம். கிடங்கு வேறு, தறிக்கூடம் வேறு.

பத்துக் கணினிகள், மணிக்கு ரூ. 20 என்ற அதே எடுத்துக்காட்டில், திங்கள் முழுவதும் அணையாமல் ஓடும் தொகுதிக்கு ரூ. 1,44,000 ஆகும். நாள்தோறும் இரவில் ஒரு மணி நேரம் மட்டும் எழுப்பிக் கலைத்தால் ரூ. 6,000. இரண்டும் முடிக்கும் வேலை ஒன்றே.

ஆயினும் நிலையான தொகுதி எப்போதும் தவறு என்று கூறுவதற்கில்லை. ஒரு தொகுதி எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். அமேசானில் 2017 அக்டோபர் முதல் நொடிக்கணக்கில் கட்டணம், ஆனால் குறைந்தது ஒரு நிமிடத்திற்குரியது உண்டு. இரண்டு நிமிட வேலையைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை செய்ய வேண்டியிருந்தால், எழுப்புவதிலும் கலைப்பதிலுமே பொழுது போய்விடும். அதற்கு ஒரு சிறு தொகுதி நிலையாக இருப்பதே சிக்கனம். அலுவலர் சிலர் அமர்ந்து பகல் முழுவதும் வினாக்களைக் கேட்டுக் கேட்டு ஆராய்வதற்கும் அலுவல் நேரத்தில் ஒரு தொகுதி வேண்டும். அவ்வாறு ஆராய்வோர் பயன்படுத்தும் தொகுதியிலேயே இரவு வேலைகளையும் ஓட்டும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகின்றது. ‘டேட்டாபிரிக்ஸ்’ போன்ற அமைப்புகளில் இது இரட்டைச் செலவு; பொதுத் தொகுதிக்கும் ஒரு பணிக்கென எழுப்பும் தொகுதிக்கும் அங்கு மென்பொருட் கட்டணமே வெவ்வேறு. பின்னது குறைவு.

ஆராய்ச்சித் தொகுதியில், இத்தனை நிமிடம் எவரும் பயன்படுத்தாவிடில் தானே அணைந்துபோக வேண்டும் என்று ஒரு நிபந்தனையை எழுதி வைக்கலாம். ஒரே ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை இடும் வேலை அது. நான் ஆய்வுக்குச் சென்ற ஓர் ஒன்றியத்தில், கணினிப் பணியை ஏற்றிருந்த ஒப்பந்ததாரரின் ஊழியர் இருபது கணினிகளைச் சோதனைக்காக எழுப்பிவிட்டு, பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றுவிட்டார். தானே அணையும் நிபந்தனை எழுதப்படவில்லை. நான்கு நாட்களும் அவை வெறுமனே ஓடின. பட்டியல் ஏறத்தாழ ரூ. 38,000க்கு வந்தது. ஒப்பந்தத்தில் இதற்குப் பொறுப்பாளி யார் என்று சொல்லப்படவில்லையாதலால் ஒன்றியமே செலுத்தியது. ‘இஃது எத்தனை நெசவாளரின் ஒரு வாரக் கூலி?’ என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் மகாசபையில் எழுந்து கேட்டார். விடை கூறுவார் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் அந்நிபந்தனை முதற்பக்கத்திலேயே இடம்பெற்றது.

வாடகையைக் குறைக்கும் மற்றொரு வழி ‘ஸ்பாட்’ என்னும் முறை. விளைபொருளைச் சந்தைக்கு அனுப்பும் உழவர்க்கு இது புதிதன்று. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரி, குறைந்த வாடகைக்கு நம் மூட்டைகளை ஏற்றிக்கொள்ளும். ஆனால் வழியில் முழு வாடகை தருவோர் வந்துவிட்டால் நம்மை இறக்கிவிடும் என்று வைத்துக்கொண்டால், அதுவே ஸ்பாட். நிலையத்தில் எவரும் எடுக்காமல் கிடக்கும் கணினிகளை 90 விழுக்காடு வரை தள்ளுபடியில் தருவதாக அமேசான் கூறுகின்றது. வேறு தேவை ஏற்பட்டால் இரண்டு நிமிட முன்னறிவிப்புடன் திரும்பப் பெற்றுக்கொள்ளும். கூகுள் தரும் அவகாசம் முப்பது நொடி.

இரண்டு நிமிட அறிவிப்பில் இறக்கிவிடப்படும் வண்டியில் பாலை ஏற்றமாட்டோம், தேங்காயை ஏற்றலாம். தொகுதிக்குள்ளும் அத்தகைய பாகுபாடு உண்டு. அமேசானின் இ.எம்.ஆர். என்னும் பணியில் கணினிகளை மூவகையாக அமர்த்துவர்: தலைமைக் கணினி ஒன்று, தகவலையும் தாங்கி வேலையும் செய்யும் ‘கோர்’ கணினிகள், தகவல் எதனையும் தாங்காமல் வேலை மட்டும் செய்யும் ‘டாஸ்க்’ கணினிகள். தலைமைக் கணினி ஒன்றே இருக்கையில் அது பறிபோனால் தொகுதியே வீழும். கோர் கணினி போனால் அதிலிருந்த தகவற்பகுதி போகக்கூடும். டாஸ்க் கணினி போனால் அது செய்துகொண்டிருந்த துண்டு வேலை மட்டும் வேறொன்றிடம் மாற்றப்படும். எத்துண்டு எவ்வழியாக உருவாயிற்று என்னும் வரலாற்றை ஸ்பார்க் குறித்து வைத்திருப்பதால், இழந்த துண்டை மட்டும் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஆகவே முதலிரண்டு வகையை முழு வாடகைக்கும், மூன்றாம் வகையை ஸ்பாட்டிலும் அமர்த்துவதே அறிவுடைமை. முழு வாடகைக்கு இரண்டு, மணிக்கு ரூ. 6 வீதம் ஸ்பாட்டில் எட்டு என்று வைத்தால் மணிக்கு ரூ. 88 ஆகின்றது. முன்னர் ரூ. 6,000 ஆன திங்கட்செலவு ரூ. 2,640 ஆகக் குறையும். ஆனால் ஈவுத்தொகை வழங்க வேண்டிய நாளன்று காலை, கணக்கு முடிந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இம்முறையை நம்புவதற்கில்லை. அன்று ஒரு நாள் முழு வாடகை கொடுப்பதே முறை.

கணினிகளின் வகையையும் எண்ணிக்கையையும் நாம் தெரிவு செய்யாமலே, வேலையை மட்டும் ஒப்படைக்கும் முறையும் வந்துவிட்டது. ‘சர்வர்லெஸ்’ என்று இதற்குப் பெயர். இ.எம்.ஆரில் இவ்வசதி 2022இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. பயன்படுத்திய கணிப்பகத்திற்கும் நினைவகத்திற்கும் நொடிக்கணக்கில் கட்டணம். வேலை இல்லாதபோது கட்டணம் இல்லை. நொடிக்கு நொடி ஒப்பிட்டால் ஸ்பாட்டைக் காட்டிலும் விலை கூடுதலாகவே இருக்கும். எனினும் தனியே ஒரு கணினி நிபுணரை வைத்துக்கொள்ள இயலாத ஒன்றியத்திற்கு, திங்களில் நான்கைந்து முறை மட்டும் வரும் வேலைக்கு, இதனையே நான் பரிந்துரைப்பேன். நிபுணரின் சம்பளமும் செலவுக் கணக்கில் சேர்ந்ததன்றோ? கூகுளின் ‘பிக்குவெரி’யிலோ வழக்கமான கட்டணம், வினாவுக்காகப் படிக்கப்பட்ட தகவலின் அளவைப் பொறுத்தது. அங்கு, வேண்டாத பத்திகளையும் சேர்த்துக் கேட்கும் ஒரு கவனக்குறைவான வினா, கவனமான வினாவைப் போலப் பன்மடங்கு செலவு வைக்கும்.

வேலைக்கேற்பத் தொகுதி தானே விரிந்து சுருங்குமாறு அமைக்கும் வசதியும் உண்டு. அதனை ஏற்கும்போது உச்ச வரம்பைக் கட்டாயம் குறித்தல் வேண்டும். நமது சங்கங்களில் தனிநபர் கடனுக்கும், சங்கம் வெளியில் வாங்கும் கடனுக்கும் உச்ச வரம்பு நிர்ணயிக்காமல் துணைவிதி எழுதுவோமா? இதுவும் அவ்வாறே. செலவு இவ்வளவைத் தாண்டினால் அறிவிப்பு அனுப்புமாறு ஏற்பாடு செய்யலாம். ஆனால் அந்த அறிவிப்பு சில மணி நேரம் பிந்தியே வரும், தனியே ஏற்பாடு செய்தாலன்றிக் கணினிகளை அது நிறுத்தவும் செய்யாது. காரியதரிசியின் கைப்பேசிக்கு அறிவிப்பு வந்தது என்பதனால் செலவு நின்றுவிட்டது என்று கருதிவிடலாகாது.

தொகுதி எவ்விடத்தில் அமைய வேண்டும் என்பதில் இன்று தெரிவு எளிது. மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை உட்பட மூன்று இடங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017இல் மும்பையிலும் நிலையங்களைத் தொடங்கின. அங்கத்தினரின் நிலம், கடன், ஆதார் பற்றிய விவரங்கள் அடங்கிய பதிவுகளை நாட்டிற்குள்ளேயே வைத்துக்கொள்வது நன்று. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் சங்கங்களின் பொறுப்பு மேலும் கூடியுள்ளது. கிடங்கும் தொகுதியும் ஒரே ஊரில் இருத்தல் வேண்டும். கிடங்கு மும்பையிலும் தொகுதி வேறிடத்திலும் இருந்தால் ஒவ்வொரு முறையும் தகவலைச் சுமந்து செல்வதற்குக் கட்டணம் உண்டு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உள்ளது. தகவலை உள்ளே ஏற்றுவதற்கு இந்நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. வெளியே எடுக்கும்போதுதான் கிகாபைட் கணக்கில் வாங்குகின்றன. அன்றியும், கிளவுட் கணக்கு ஒப்பந்ததாரரின் பெயரில் திறக்கப்பட்டிருப்பின், ஒப்பந்தம் முடியும் நாளில் நம் பேரேடுகளை நாம் பெறுவதற்கே அவருடைய தயவை நாட வேண்டியிருக்கும். கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியில் திறக்கப்பட வேண்டும். முதன்மைக் கடவுச்சொல் காரியதரிசியிடமும் தலைவரிடமும் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்கு வேலைக்கு வேண்டிய அளவு உரிமை மட்டும் தனியே வழங்கப்பட வேண்டும். பெட்டகச் சாவியை இருவர் பொறுப்பில் வைக்கும் வழக்கம் நம் சங்கங்களில் முன்னரே இருப்பதால், இதற்கெனப் புதிய துணைவிதி தேவைப்படாது. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானமே போதுமானது.